வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் கப்பல் ஏகபோகமும்

தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களைத் தமிழுலகம் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று போற்றுகிறது. அப்பெயரை மக்கள் நாவில் நிலைபெறச் செய்தவர் ம. பொ. சிவஞானம் அவர்கள். பின்னர் 1961-ஆம் ஆண்டில் அதே பெயரில் ஒரு திரைப்படம் வெளிவந்து, பட்டிதொட்டியெல்லாம் அப்பெருமகனாரின் புகழைப் பரப்பியது. அப்படத்தை உருவாக்கிய பி. ஆர். பந்துலு அவர்கள் நம் கோலார் மாவட்டத்தில் பிறந்தவர் என்பது, கன்னட நாட்டில் குடியேறி வாழும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி தரும் செய்தி. ‘செக்கிழுத்த செம்மல்’ என்பது அவருக்கு வாய்த்த மற்றொரு பெயர். இவ்விரு பெயர்களின் ஒளியிலே மூன்றாவது ஒன்று மங்கிப் போயிற்று. அவர் ஒரு வழக்கறிஞர். சட்டம் படித்து, சன்னது பெற்று, நீதிமன்றத்தில் நின்று வாதாடிப் பிழைத்தவர். அந்த வழக்கறிஞரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஏன் எனில், அவர் எதிர்த்து நின்ற தீமை இன்று சட்டநூல்களில் தனித்த ஓர் இடம் பெற்றுவிட்டது. ஒரு பெரு நிறுவனம் தன் பண வலிமையால் நட்டத்துக்கு விற்று, சிறியவனைச் சந்தையினின்று விரட்டி, பின் தான் ஒருவனே நின்று விலையை ஏற்றிக்கொள்ளும் கொடுமை அது. நம் காக்ஸ் டவுன் சந்தையில் மளிகை வணிகம் செய்யும் எவரைக் கேட்டாலும் இதனைச் சட்டநூலின் துணையின்றியே விளக்கிவிடுவார். எதிர்க்கடைக்காரன் இரண்டு மாதம் அரிசியை அடக்க விலைக்கும் குறைவாக விற்றால் என்ன ஆகும் என்பது அவர் அறியாததன்று. ஆயின், இக்கொடுமையைக் குற்றம் என்று கூறும் சட்டம் நம் நாட்டில் பிறக்க நெடுங்காலம் ஆயிற்று. சிதம்பரம் பிள்ளை வழக்கறிஞராக வாழ்ந்த நாளில் அத்தகைய சட்டம் ஒன்று இல்லை. அவர் வாழ்வின் துயரத்தில் ஒரு பாதி இதில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளையும் வழக்கறிஞரே. இளமையில் மகனார் சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அரசாங்க ஊதியம் வாங்கி அவர் பணி செய்தது அந்தச் சிறு காலமே. பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் பயின்று, பிளீடர் தேர்வில் வென்று, 1895-இல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவருடைய திறமை விரைவில் வெளிப்பட்டது. எளியவர்களுக்காகக் கூலி பெறாமலும் வாதாடினார். போலீசார் தொடுத்த வழக்குகள் பல அவர் கையில் உடைந்தன. சிற்றூரில் இப்படிப்பட்ட வழக்கறிஞரை அதிகாரிகள் விரும்புவார்களா? பகை மூண்டது. 1900-ஆம் ஆண்டளவில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி அப்பொழுது தென்பாண்டிச் சீமையின் வாயில். கொழும்புக்குச் செல்வோர் அனைவரும் புகைவண்டியில் அங்கு வந்திறங்கிக் கப்பலேறினர். தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்தது 1914-இல்தான். அதற்கு முன் இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளி, வணிகர், உறவினரைக் காணச் சென்றோர் என அத்தனை கூட்டத்தையும் பருத்தி, அரிசி, கருவாட்டு மூட்டைகளையும் சுமந்தது தூத்துக்குடி-கொழும்புக் கடல்வழி. அந்த வழியில் கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. மக்கள் அதனைச் சுருக்கமாக பி. ஐ. கம்பெனி என்பர்.

இந்தக் கம்பெனியின் பிறப்பு வளர்ப்பைச் சற்று அறிதல் நன்று. ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் மக்கின்னன் என்பார் 1856-இல் கல்கத்தா-பர்மா நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1862-இல் அதுவே பிரிட்டிஷ் இந்தியா என்னும் பெயர் பூண்டது. அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தமும் அதற்குரிய மானியத் தொகையும் அதன் முதுகெலும்பு. பயணி வந்தாலும் வராவிட்டாலும் தபால் பணம் வந்துவிடும். அந்தப் பணத்தை எதிர்த்துப் போட்டியிடுவது எந்த நாட்டு வணிகனுக்கும் எளிதன்று. தூத்துக்குடியில் அக்கம்பெனியின் ஏஜெண்டுகளாக இருந்தவர்கள் ஏ. அண்ட் எப். ஹார்வி நிறுவனத்தார். ஊரின் பெரிய நூற்பாலையாகிய கோரல் ஆலையும் அவர்களுடையதே. ஆக, ஆலையும் கப்பலும் ஒரு கையில் இருந்தன. ஊர் அதிகாரிகளும் அந்தக் கையைப் பற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தனர்.

கப்பல் முதலாளிகள் கண்டுபிடித்த சூழ்ச்சி ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடிய கப்பல் கம்பெனிகள் 1875-இல் ஒன்றுகூடிக் கட்டணத்தைத் தம்முள் பேசி முடிவு செய்தன. உலகில் இத்தகைய கூட்டணிகளுக்கு முன்னோடி அதுவே என்பர். இரண்டாண்டு கழித்து ‘பின்தேதிக் கழிவு’ என்னும் முறை நுழைந்தது. சரக்கு அனுப்பும் வணிகன் ஆறு மாத காலம் கூட்டணிக் கப்பல்களிலேயே அனுப்பினால் கட்டணத்தில் ஒரு பங்கு அவனுக்குத் திருப்பித் தரப்படும். ஆனால் உடனே தரப்படுவதில்லை. அடுத்த ஆறு மாதமும் அவன் வேறு கப்பலை ஏறெடுத்தும் பாராதிருந்தால் மட்டுமே கிடைக்கும். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வேற்றுக் கப்பலில் ஏற்றினாலும் அத்தனையும் போயிற்று! வணிகனின் சொந்தப் பணத்தையே பிணையாக வைத்துக்கொண்டு அவனை அடிமையாக்கும் இத்தந்திரத்தை வகுத்தவரின் அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கோட்டையின் முன்னேதான் ஒட்டப்பிடாரத்துப் பிளீடர் ஒருவர் வந்து நின்றார். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் ‘சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி’ முறைப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே வள்ளல்தான். தமிழுக்குச் சங்கம் கண்ட கை கப்பலுக்கும் துணை நின்றது என்பதைச் சங்கம் வளர்க்கும் நாம் நினைவில் கொள்ளுதல் தகும். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். சிதம்பரம் பிள்ளைக்குக் கிடைத்த பதவி உதவிச் செயலாளர் என்பது. பதவியின் பெயர் சிறிது. ஊர் ஊராகச் சென்று பங்கு விற்றதும் கப்பல் தேடி அலைந்ததும் அவரே.

கம்பெனியின் அமைப்பில் ஒரு வழக்கறிஞரின் கை தெரிகிறது. கூட்டம் போட்டு நன்கொடை திரட்டும் சங்கமாக அவர் அதனை அமைக்கவில்லை. இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்படி, பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அமைத்தார். ஆங்கிலேயன் வகுத்த சட்டத்தைக் கொண்டே ஆங்கிலேயனுக்குப் போட்டியான கம்பெனியைக் கட்டினார். பங்குகள் ஆசிய நாட்டவருக்கே உரியவை என்று விதி செய்தார். 25 ரூபாய் என்பது அக்காலத்தில் சிறு தொகை அன்றாயினும், நடுத்தர வணிகர் எட்டிப் பிடிக்கக்கூடிய தொகை. சட்டத்துக்கு அஞ்சி அவர் அடி வைக்கவில்லை. சட்டத்தை நம்பியே வைத்தார். பின்னால் நடந்தவற்றை எண்ணும்பொழுது இந்த நம்பிக்கைதான் நெஞ்சை உறுத்துகிறது.

முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடமிருந்து கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். பி. ஐ. கம்பெனி நெருக்கவே, ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போட்டியாளனுக்குச் சரக்கோ கருவியோ கொடுக்கும் மூன்றாமவனை மிரட்டி விலகச் செய்தல், இன்றைய போட்டிச் சட்டம் கண் வைத்துப் பார்க்கும் செயல்களுள் ஒன்று. உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை அமர்த்தி ஓட்டினர். வாடகைக் கப்பலை நம்பினால் பிழைக்க முடியாது என்பதை உணர்ந்து, சொந்தக் கப்பல் வாங்க முனைந்தார் பிள்ளை. 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைகளும் ஏற்றலாம். அக்கப்பல் தூத்துக்குடிக் கரையை அணுகியபொழுது ஊர் திரண்டு நின்ற காட்சியைப் பலர் பலவாறு எழுதிவிட்டனர். நான் அதனை விடுத்துக் கட்டணப் பட்டியலுக்குச் செல்கிறேன்.

கட்டணப் போர் தொடங்கிற்று. பி. ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளையர் கம்பெனி கட்டணமே வேண்டா என்றது. ஏறுகிறவர்களுக்குக் குடையும் இனாம் என்று சொன்னதாக வழிவழியாக வழங்கும் செய்தியைத் தூத்துக்குடிப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். கப்பல் ஓட்ட நிலக்கரி வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் வேண்டும், துறைமுகத் தீர்வை கட்ட வேண்டும். எட்டணாவுக்கு ஏற்றிச் சென்றாலே கையைக் கடிக்கும். இனாமாக ஏற்றிச் செல்வது வணிகமே ஆகாது. அப்படியும் அவர்கள் செய்தார்களென்றால், இந்த ஒரு வழியில் ஏற்படும் நட்டத்தைப் பர்மா வழியிலும் பாரசீக வளைகுடா வழியிலும் வரும் இலாபம் தாங்கும் என்பதனால்தான். சுதேசிக் கம்பெனிக்கு வேறு வழி இல்லை. இருந்தது ஒரே கடல், ஒரே வருவாய். இதற்கு மேலும் சுங்க அதிகாரிகள், துறைமுக அதிகாரிகள், பயணிகளைச் சோதிக்கும் மருத்துவ அதிகாரிகள் ஆகியோர் சுதேசிக் கப்பலுக்குத் தந்த தொல்லைகள் வேறு.

இனி, எவரும் அதிகமாகக் கேளாத ஒரு கேள்வியைக் கேட்போம். கம்பெனியை உயிராக எண்ணிய இவ்வழக்கறிஞர், பி. ஐ. கம்பெனியின் மீது ஏன் ஒரு வழக்குத் தொடுக்கவில்லை? சட்டம் அறிந்தவர், அஞ்சாதவர், போலீசாரையே கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். பின் ஏன்?

விடை லண்டன் மாநகரத்தில் இருக்கிறது. 1885-இல் சீனத்துத் தேயிலை வணிகத்தில் இதே நாடகம் நடந்தது. ஹாங்கௌ துறைமுகத்திலிருந்து தேயிலை ஏற்றிவந்த கப்பல் கம்பெனிகள் தமக்குள் கூட்டணி அமைத்திருந்தன. மொகல் கப்பல் கம்பெனி என்னும் வெளியாள் அங்கே சரக்குத் தேடிச் சென்றது. கூட்டணியார் அதற்குப் போட்டியாகக் கப்பல்களை அனுப்பிக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினர். தம்மிடமே சரக்கு அனுப்புவோர்க்கு நூற்றுக்கு ஐந்து கழிவு என்றனர். மொகல் கம்பெனிக்கு ஏஜெண்டு வேலை பார்ப்பவரை விலக்குவோம் என்றும் அச்சுறுத்தினர். மொகல் கம்பெனி வழக்குத் தொடுத்தது. முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டில் நீதிபதி எஷர் பிரபு ஒருவர் மாத்திரம் மொகல் கம்பெனியின் பக்கம் நின்றார், மற்றவர் இசையவில்லை. இறுதியாக 1891 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: கூட்டணியார் தம் வணிக நலனுக்காகவே இவ்வாறு செய்தனர், அவர்கள் கையாண்ட வழிகள் தம்மளவில் சட்டத்துக்கு மாறானவை அல்ல, ஆகவே போட்டியாளன் அழிந்தாலும் அவனுக்கு ஈடு கேட்கும் உரிமை இல்லை. இதுவே தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டு நீதிமன்றங்கள், எழுதப்பட்ட சட்டம் இல்லாத இடங்களில் ஆங்கிலப் பொதுச் சட்டத்தையே துணைக்கொண்டன. தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞர் பி. ஐ. கம்பெனியின்மீது பிராது எழுதியிருந்தால், எதிர்த்தரப்பார் முதலில் எடுத்து நீட்டியிருக்கக்கூடியது இத்தீர்ப்பே. எழுதப்பட்ட சட்டமாவது உதவியதா என்றால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒன்று இருந்தது. (சிதம்பரம் பிள்ளையும் அச்சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்!) அதன் 27-ஆம் பிரிவு, ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. செல்லாது என்று மட்டுமே சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தை அதில் கையெழுத்திட்டவன்மீது நிறைவேற்ற முடியாது, அவ்வளவே. வெளியே நின்று அடி வாங்கியவனுக்கு அதில் மருந்து இல்லை. மேலும், பி. ஐ. கம்பெனி யாரோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டணத்தைக் குறைக்கவில்லை. தானே தன் சீட்டை இனாமாகக் கொடுத்தது. இனாம் கொடுப்பதைத் தடுக்க எந்தச் சட்டம் உண்டு?

நம் காக்ஸ் டவுனும் அந்நாளில் இதே சட்டங்களின் நிழலில் இருந்தது என்பதை இடையில் ஒரு சொல்லாகக் கூறிச் செல்வேன். கலெக்டர் காக்ஸ் துரையின் பெயரைத் தாங்கிய இவ்விடம், மைசூர் மன்னரின் ஆட்சியைச் சேராத சிவில்-மிலிடரி ஸ்டேஷனின் பகுதி. 1947 ஜூலையில் அது மைசூரோடு சேரும்வரை, பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டு இங்கு நடைமுறையில் இருந்தன. நம் பாட்டனார்கள் இங்கே கடை வைத்து வாழ்ந்தபொழுது, நட்டத்துக்கு விற்று அவர்களை அழிக்க ஒருவன் முனைந்திருப்பின் அவர்களும் பிள்ளையவர்களைப் போலவே கையைப் பிசைந்திருக்க வேண்டியவர்களே.

இது நிற்க. கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் அதே வேளையில் நடந்ததைக் காண்போம். அங்கே 1890-இலேயே ஷெர்மன் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டிருந்தது. வாணிகத்தை ஒரு கையில் அடக்க முயல்வதே குற்றம் என்றது அது. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி, மண்ணெண்ணெய் விற்ற சிறு வணிகர்களை ஊர் ஊராக விலை குறைத்து ஒழித்தது. புகைவண்டிக் கம்பெனிகளிடம் மறைவில் கழிவு பெற்றது. அதன்மீது அமெரிக்க அரசாங்கம் வழக்குத் தொடுத்த நாள் 1906 நவம்பர் 15. சுதேசிக் கம்பெனி பதிவாகி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து!

அரசாங்கத்தின் சார்பில் அவ்வழக்கை நடத்தியவர் பிராங்க் கெல்லாக் என்னும் வழக்கறிஞர். இவருடைய வரலாறும் சுவையானது. மின்னசோட்டா மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்தவர். சட்டக் கல்லூரியின் வாயிலை மிதியாமல், ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்தே சட்டம் கற்று 1877-இல் தொழில் தொடங்கியவர். செயின்ட் பால் நகரில் புகைவண்டிக் கம்பெனிகளுக்கும் இரும்புச் சுரங்க முதலாளிகளுக்கும் வாதாடிப் பொருள் ஈட்டியவர். முதலாளிகளின் உள்வழக்கங்களை எல்லாம் அறிந்திருந்த அவரையே குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஏகபோகங்களை உடைக்க அழைத்துக்கொண்டார். பின்னர் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தலைவர், செனட் உறுப்பினர், வெளியுறவுச் செயலாளர், 1929-ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு பெற்றவர் என்று உயர்ந்துகொண்டே போனார். ஏகபோகத்தை எதிர்த்த ஒரு வழக்கறிஞருக்கு அரசாங்கம் பின்னே நின்றால் வாழ்க்கை எங்குச் செல்லும் என்பதற்கு அவர் ஒரு சான்று. அரசாங்கம் எதிரே நின்றால் எங்குச் செல்லும் என்பதற்குச் சான்று தேட நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை.

1908 பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்று, கூலி உயர்வு முதலிய கோரிக்கைகளில் வெற்றி பெறச் செய்தனர். கப்பல் கம்பெனியின் இயக்குநர் சிலர் இவ்வளவு அரசியல் வேண்டா என்று வருந்தினர். இன்றும் சிலர், அவர் வாணிகத்தோடு நின்றிருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்பர். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. தபால் மானியத்தாலும் அதிகாரிகளின் கடைக்கண்ணாலும் வாழ்ந்த ஒரு ஏகபோகத்தை வாணிகத்தால் மட்டும் வெல்லுதல் எங்ஙனம்? எதிரியின் கப்பலில் பாதி அரசாங்கமாக இருக்கையில், அரசியலைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏற வழியில்லை.

மார்ச்சு 12-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஏகபோகத்தைத் தடுக்கச் சட்டம் இல்லாத நாட்டில் ராஜத்துரோகத்தைத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, 1908 ஜூலை 7-ஆம் நாள், இரண்டு குற்றங்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறையும் அங்கே இழுத்த செக்கும், பின்னர்க் கண்ணனூர்ச் சிறையும் நாமறிந்தவை. நிறுத்தி நடத்த ஆளில்லாத கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. அதே 1911-இல், மே மாதம் 15-ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைக்க ஆணையிட்டது. அங்கே ஏகபோகம் 34 துண்டாயிற்று. இங்கே அதை எதிர்த்த கம்பெனி துண்டு துண்டாயிற்று.

நம் நாட்டுச் சட்டம் விழித்துக்கொண்ட கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அரசாங்கம் 1906-இல் கப்பல் கூட்டணிகளைப் பற்றி ஆராய ஒரு ராயல் கமிஷனை அமைத்தது. 1909-இல் வந்த அறிக்கையில் பெரும்பான்மையோர் பின்தேதிக் கழிவைத் தடை செய்யப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்கர் 1916-இல் கப்பல் சட்டம் இயற்றி அதனைத் தடுத்தனர். போட்டியாளனை ஒழிப்பதற்கென்றே ஓட்டும் ‘சண்டைக் கப்பலையும்’ தடுத்தனர். காலியாவுக்குப் பக்கத்தில் இனாமாக ஆள் ஏற்றிச் சென்ற கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இந்தியாவில் சிந்தியா கம்பெனி 1919-இல் ‘லாயல்டி’ கப்பலை ஓட்டி அதே பி. ஐ. கம்பெனியோடு அதே கட்டணப் போரில் சிக்கி, முடிவில் 1923-இல் ஓர் உடன்படிக்கைக்குப் பணிந்து தன் வளர்ச்சிக்கு எல்லை இட்டுக்கொண்டது. சாராபாய் நேமசந்து ஹாஜி என்பார் மத்திய சட்டசபையில் கரையோரக் கடல்வழியை நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்கவும் பின்தேதிக் கழிவை ஒழிக்கவும் மசோதாக்கள் கொண்டுவந்தார். அவை சட்டமாகவில்லை.

விடுதலைக்குப் பின், நீதிபதி கே. சி. தாஸ் குப்தா தலைமையில் 1964-இல் அமைந்த ஏகபோக விசாரணைக் கமிஷனின் விளைவாக 1969-இல் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் பிடித்துக்கொண்டது. அதன் 4-ஆம் பிரிவு, சந்தையில் மேலாதிக்கம் பெற்ற நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கோடு அடக்க விலைக்கும் கீழே விற்பதைத் தடுக்கிறது. விசாரணை முடியுமுன்னரே இடைக்காலத் தடை விதிக்கவும் போட்டி ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சிறியவனுக்கு அதுவே உயிர்நாடி; தீர்ப்பு மூன்று ஆண்டு கழித்து வந்தால் அதைப் பெற்றுக்கொள்ளக் கம்பெனி உயிரோடு இராது. 2011 ஜூனில் தேசியப் பங்குச் சந்தை நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகத்தில் கட்டணமே வாங்காமல் நடத்தியதைப் போட்டி ஆணையம் குற்றம் என்று கண்டு 55.5 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இனாம் சீட்டு ஒரு குற்றம் என்று நம் நாட்டில் ஓர் அமைப்பு சொல்ல, தூத்துக்குடிக் கட்டணப் போருக்குப் பின் 100 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதே 2011-இல்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.

சிறை மீண்ட வழக்கறிஞரிடம் வருவோம். 1912 டிசம்பரில் வெளியே வந்தபொழுது, கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, சன்னதும் பறிபோயிருந்தது. வழக்கறிஞருக்குச் சன்னது போவது உழவனுக்கு நிலம் போவது போன்றது. சென்னையில் குடியேறி, மளிகைக் கடை வைத்தும் வேறு சிறு தொழில்கள் செய்தும் குடும்பத்தைக் காத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய பணத்தைப் பற்றி அவருக்கும் காந்தியடிகளுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து உருக்கமானது. 1916-இல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பியவர் அந்த 347 ரூபாய்க்காகக் காத்திருந்து கடிதம் எழுதினார். தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழர்கள் அவரை மறவாமல் பணம் திரட்டினர் என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. அந்த வறுமையிலேயே 1914-இல் ‘மெய்யறம்’ வெளியிட்டார். 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். சட்டநூல் மூடப்பட்ட இடத்தில் அறநூல் திறந்தது.

சன்னது மீண்டும் கிடைத்தது ஈ. எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியால். அவர் முன்னரே திருநெல்வேலிச் சீமையில் அதிகாரியாக இருந்து பிள்ளையவர்களை அறிந்தவர். நன்றி பாராட்டும் வகையில் பிள்ளை தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் கம்பெனியை எதிர்த்துத் தம் வாழ்வையே இழந்த ஒருவர், வெள்ளையர் ஒருவரின் பெயரைத் தம் மகனுக்கு இட்டு வீட்டிலே நாளும் அழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பகை எவரோடு, எதனோடு என்பதை அறிய விரும்புவோர் இப்பெயரை எண்ணிப் பார்க்கலாம்.

1920-களில் கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடத் தொடங்கினார். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இடையே பல ஆண்டுகள் நீதிமன்றத்தையே காணாதவர். பழைய வேகத்தில் கட்சிக்காரர்கள் வரவில்லை. 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். கடனும் உடன் வந்தது. அவ்வூரில் அப்பொழுதும் பி. ஐ. கம்பெனியின் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. 1936 நவம்பர் 18-ஆம் நாள், அவர் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.